தொட்டிக்குள் இறங்காத நூகு

மேலப்பாளையம் நூகுவைப் பற்றித் திருநெல்வேலிக் கட்டட வேலைக்காரர்களிடம் அந்தக் காலத்தில் விசாரித்திருந்தால் இரண்டு விஷயம் சொல்லியிருப்பார்கள். அவர் மாட்டிய பைப்பில் சொட்டு ஒழுகாது. அவர் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க மாட்டார். முதலாவதை மரியாதையாகச் சொல்வார்கள். இரண்டாவதைச் சொல்லும்போது வாயைக் கோணிக்கொள்வார்கள். மாநகராட்சி லைசென்ஸ் கைக்கு வந்ததிலிருந்து பாய்க்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, உடுத்தியிருக்கிற சாரத்தில் சேறு படக்கூடாதென்று பார்க்கிறார் என்பது அவர்கள் கட்சி.

தலைக்கனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நூகுவுக்குப் பயம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்ட வைக்கிற பயம். அதை வெளியே சொல்வதைவிடத் தலைக்கனம் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது அவருக்கு லேசாக இருந்தது.

பயம் சும்மா வரவில்லை. மீசை அரும்புகிற வயதில் வெளியூர் ஒன்றில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவர் பைப் சுமக்கும் ஆளாக இருந்தார். வெகுநாள் மூடிக் கிடந்த கழிவுத் தொட்டியைத் திறந்து ஒருவன் இறங்கினான். சத்தமே இல்லாமல் சரிந்தான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான், அவனும் சரிந்தான். அந்த இரண்டு பேரையும் தூக்க மூன்றாவதாக ஒருவர் இறங்கினார், கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தவர். நாலாவது ஆள் நூகு. ஒரு காலை உள்ளே விட்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு சித்தாள் பெண் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துச் சாய்த்தாள். சட்டை முதுகுவரை கிழிந்தது. கிழிந்த சட்டையோடு மண்ணில் கிடந்தபடி அவர் அந்தச் சதுர ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருந்து யாருமே கூப்பிடவில்லை.

அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு விடவே இல்லை. அவர் வாப்பா நெசவாளி. வீட்டில் தறிக்குழி உண்டு, முழங்கால் ஆழந்தான் இருக்கும். அதில்கூட நூகு அதற்கப்புறம் கால் வைத்ததில்லை. குளிக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டார். பஸ்ஸில் இடம் கிடந்தாலும் படிக்கட்டை ஒட்டித்தான் நிற்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வாசலோர வரிசை. "தொழுது முடிச்சு சலாம் குடுத்ததும் சோத்துக்கு ஓடி வரத்தான் வாசல்ல நிக்கீங்க" என்று அவர் மனைவி ஹமீது பீவி கேலி பேசுவாள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். கட்டிய மனைவியிடமும் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு மட்டும் அவர் பயந்ததில்லை. கருப்பந்துறை ஆற்றில் மூச்சடக்கி முங்கி அடியில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி வருவதில் சின்ன வயதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆறு திறந்து கிடக்கிறது, நிமிர்ந்தால் வானம். தொட்டிக்குத்தான் மூடி இருக்கிறது.

பெரிய கட்டடங்களில் பிளம்பர் வேலை பார்க்கிறவன் தொட்டியில் இறங்காமல் எப்படிப் பிழைப்பு ஓட்டுவான்? அங்கேதான் முத்துமாலை வருகிறான்.

முத்துமாலை சீவலப்பேரிக்காரன். நூகுவுக்கு இரண்டு மூன்று வயது இளையவன். காலையில் டவுன் பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குவான். அவர் பைப்பில் மரை வெட்டினால் இவன் அதில் சணல் சுற்றுவான், அவர் பைப்பைத் திருகுகிற ஒரு ரிஞ்சைப் பிடித்தால் இவன் மறு ரிஞ்சைப் பிடிப்பான். பதினோரு வருடமாக அப்படித்தான். முதல் கட்டடத்திலேயே நூகு அவனிடம், "நான் மேல நின்னு மட்டம் பாக்கணும், நீ எறங்குலே" என்றார். அடுத்த கட்டடத்தில் முழங்கால் வலி என்றார். அப்புறம் லைசென்ஸ் வந்தது, நல்ல காலம் பிறந்தது. "லைசென்ஸ் உள்ளவன் மேலதான் நிக்கணும்லே, அது ரூலு" என்று ஒரே போடாகப் போட்டார். அப்படியொரு ரூல் எந்த ஊரிலும் கிடையாது. முத்துமாலை மறுபேச்சுப் பேசாமல் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்குவான்.

ஆனால் ஒன்று. அவனைச் சும்மா இறக்கிவிட்டுப் பீடி குடிக்கப் போகிற ஆள் இல்லை நூகு. முதலில் ஒரு டப்பாவில் மெழுகுவர்த்தியை நட்டுக் கம்பியில் கட்டித் தொட்டியின் அடிவரை இறக்குவார். அணைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. எரிந்தால் முத்துமாலையின் இடுப்பில் கயிறு கட்டுவார். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஓட்டைப் பக்கத்தில் குத்தவைத்து உட்காருவார். அவன் உள்ளே இருக்கும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். அதிலும் 'ஆமா', 'இல்ல' என்று முடிகிற கேள்வி கூடாது. மயங்கப் போகிறவன்கூட 'ஆமா' சொல்லிவிடுவான் என்பது அவர் கணக்கு. ஆகவே, "உங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் யார் வைத்தது, புளி எங்கே வாங்கியது, தொட்டுக்கொள்ள என்ன. முத்துமாலையும் சளைக்காமல் பதில் சொல்லுவான். சாதாரணப் பருப்புக் குழம்பை ஒரு கல்யாண வீட்டுக் கதை அளவுக்கு நீட்டுவான்.

கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் இது நல்ல பொழுதுபோக்கு. "பாய் மாட்டப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு" என்பார்கள். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா கேள்வி கேக்காரு" என்பார்கள். நூகு காதில் போட்டுக்கொள்வதில்லை. உள்ளங்கை வேர்த்துக் கயிறு வழுக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்வார்.

தொண்ணூற்றாறாம் வருடம் ஜங்ஷன் பக்கம் ஒரு நாலு மாடி லாட்ஜ் எழும்பியது. ஐப்பசி அடைமழை. கார்த்திகையில் திறப்புவிழா என்று முதலாளி நாள் குறித்துவிட்டார். கட்டட மேஸ்திரி ஐயாக்குட்டி ஆளைப் பார்த்தால் நல்லவர்தான். நாள் குறித்துவிட்டால் மட்டும் காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓடுவார், மற்றவர்களையும் ஓட வைப்பார். பாக்கியிருந்தது தண்ணீர் வேலை ஒன்றுதான். தரைக்கடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழமான தொட்டி. அதிலிருந்து மோட்டார் தண்ணீரை உறிஞ்சி மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் ஃபுட்வால்வு மாட்ட வேண்டும், அது இல்லாவிட்டால் மோட்டார் வெறுங்காற்றை இழுத்துக்கொண்டு கிடக்கும். அதைக் கீழே இறங்கித்தான் மாட்ட முடியும்.

மழைத்தண்ணீர் தொட்டியில் நிரம்பிக் கிடந்தது. அன்று காலையில் நூகுவும் முத்துமாலையும் நாலாவது மாடியில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஏதோ எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் இறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அது சரிதான். இறைத்து முடித்து, மழை விழாமல் இருக்க இரும்பு மூடியையும் போட்டுவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் கீழே வந்தபோது ஐயாக்குட்டி காத்திருந்தார்.

"பாய், முதலாளி நாலு மணிக்கு வாராரு. மாடிக் குழாயில தண்ணி வாரதப் பாக்கணுமாம். சட்டுன்னு வால்வ மாட்டி விட்டுருங்க."

நூகு மூடியைத் தள்ளினார். சதுர ஓட்டை. மெழுகுவர்த்தியை இறக்கினார். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அதற்கு ஒரு சாண் மேலே சுடர் ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. இவ்வளவு அழகாக அவர் இறக்கிய மெழுகுவர்த்தி எதுவும் எரிந்ததில்லை.

"கயிறு எங்கலே?"

கயிறு இல்லை. மொட்டைமாடிக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை ஏற்றுவதற்காக ஐயாக்குட்டியின் ஆட்கள் அதை எடுத்துப் போயிருந்தார்கள். பக்கச் சுவரை ஒட்டி அந்தத் தொட்டி ஆடி ஆடி மேலே போய்க்கொண்டிருந்தது.

"அது மேல ஏறட்டும். கயிறு வந்த பெறவு எறங்கலாம்" என்றார் நூகு.

"விளக்கு என்னமா எரியுது பாருங்க பாய்" என்றார் ஐயாக்குட்டி. "புதுத் தொட்டி. சாக்கடையா கெடக்கு உள்ள? பச்சத் தண்ணி. இதுக்குப் போயி கயிறு, கொழம்புன்னு..."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முத்துமாலை சட்டையை மடித்து வைத்துவிட்டான். "ரெண்டு நிமிச வேல பாய். மாட்டிட்டு வந்துருதேன்."

நூகு வாயைத் திறந்தார். 'வேண்டாம்லே' என்ற சொல் தொண்டைவரை வந்தது. வந்த சொல்லைத் தடுத்தது ஒரு கேவலமான நினைப்பு. ரொம்ப வம்பு பண்ணினால், 'அப்பம் நீரே எறங்கும்வே' என்று முத்துமாலை சொல்லிவிடுவானோ? ஐயாக்குட்டி முன்னால், இத்தனை பேர் முன்னால்? அந்த ஒரு நினைப்பில் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. முத்துமாலை சுவரில் பதித்த கம்பிப்படிகளில் கால் வைத்து இறங்கிவிட்டான்.

"மண்ணெண்ணெ வாட அடிக்கு பாய்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தொட்டிக்குக் கான்கிரீட் போடும்போது பலகைகளுக்குப் பழைய எண்ணெய் தடவுவார்கள். "பலகைக்குத் தடவுன எண்ணெயா இருக்கும்லே" என்றார் நூகு. அவருக்கே அது சரியான பதிலாகத்தான் பட்டது. கையில் கயிறு இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல என்ன கொழம்பு?"

"சுண்டவத்தக் கொழம்பு. மாமியா வந்துருக்கா. அவ வச்சா சுண்டவத்தல் எது, புளி எதுன்னு தெரியாது. எல்லாம் ஒண்ணாக் கெடக்கும், எம்பொண்டாட்டி மூஞ்சியும் எம்மூஞ்சியும் மாதிரி."

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். ரிஞ்சு பைப்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"தொட்டுக்கிட என்ன?"

"தொட்டுக்கிட..." கொஞ்சம் இடைவெளி. "தொட்டுக்கிட... அப்பளம். தல வலிக்கி பாய்."

நூகு விளிம்பில் கவிழ்ந்து எட்டிப் பார்த்தார். "மேல வாலே. போதும், வந்துரு."

"ரெண்டு சுத்து. ரெண்டு சுத்துதாம் பாய்."

"ஏலே, என்ன கொழம்புன்னு சொன்ன?"

பதில் வர நேரமானது.

"ஆமா பாய்" என்றான் முத்துமாலை.

தண்ணீரில் ரிஞ்சு விழுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு பெரிதாக ஏதோ சுவரோடு உரசிச் சரிகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மெழுகுவர்த்தி மட்டும் நிமிர்ந்து எரிந்துகொண்டே இருந்தது.

"முத்து! லே முத்துமாலை!" நூகு போட்ட கூப்பாட்டில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். சித்தாள் இசக்கியம்மா மணல் சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ, காலைல எஞ்சின உள்ள எறக்கி வச்சுல்லா ஓட்டுனாவ! கரண்டு இல்லன்னு மண்ணெண்ண எஞ்சினக் கொண்டாந்தாவ. ரப்பர் ஓசு பொத்தலு, மேலயிருந்து இழுக்கலன்னு உள்ள பலகயில வச்சு ஓட்டுனாவளே! பொகைய அப்பிடியே போட்டு மூடிட்டியளே பாவியளா!"

ஐயாக்குட்டியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவர் செய்த வேலைதான் அது. அவர் அழுகிற குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே ஓட்டைக்குள் காலை விட்டார். பயந்து நடுங்கிக்கொண்டிருந்த நூகு, யோசிக்கக்கூட இல்லை, பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் சேர்ந்து சேற்றில் விழுந்தார்கள். சட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நூகுவுக்குப் பழக்கமான சத்தம்.

"சும்மா எறங்குனா நீரும் செத்துப் போவீருவே! கயிறு! கயிற வாங்குங்க!"

மேலே கயிற்றில் பிளாஸ்டிக் தொட்டி மூன்றாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தவர்களுக்குக் கீழே நடப்பது புரியவில்லை. "தொட்டி போனாப் போவுது, கயிற விடுங்கலே!" என்று இசக்கியம்மா அலறினாள். அவர்கள் விட்டார்கள். தொட்டி மணல்மேட்டில் விழுந்து பிளந்தது. இசக்கியம்மாதான் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை இழுத்து வந்தாள்.

நீளமான கயிறு. ஒரு முனையில் சுருக்குப் போட்டார் நூகு. மறு முனை அவர் கையில் இருந்தது. யார் இறங்குவது என்று யாரும் கேட்கவில்லை. ஐயாக்குட்டி சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மற்றவர்கள் நூகுவின் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். மூச்சடக்கத் தெரிந்த ஆள் அங்கே ஒருவர்தான் இருந்தார், அது அவருக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லாமல் இருந்துவிடலாம். தீயணைப்புக்கு ஆள் அனுப்பலாம். அவர்கள் வருவதற்குள் உள்ளே கிடப்பவன் போய்விடுவான், யாரும் நூகுவைக் குறை சொல்ல மாட்டார்கள். இதெல்லாம் அவர் மனதில் ஓடாமல் இல்லை. ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கை அந்த முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் நடுக்கயித்தப் புடிச்சுக்கிடுங்க. நான் ரெண்டு தடவ சுண்டுனா மொதல்ல அவன இழுக்கணும். பெறவு என்னைய" என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. ஆற்றங்கரையில் செய்கிற மாதிரி மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். நாலாவது மூச்சை அடக்கிக்கொண்டு காலை உள்ளே விட்டார். அவருடைய சாரம் சூடாக நனைந்தது. தொட்டித் தண்ணீர் இன்னும் கீழேதான் இருந்தது. அதற்காக வெட்கப்பட அப்போது நேரமில்லை.

கம்பிப்படியில் கால் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், மூடினால் இன்னும் பயமாக இருந்தது, திறந்தார். சுவர் நான்கு பக்கமும் நெருங்கி வருவதுபோல இருந்தது. முத்துமாலை மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தண்ணீருக்குள் முகம் போகவில்லை, அதுவரை அல்லா காப்பாற்றினான். வாய் லேசாகத் திறந்து, இன்னும் ஏதோ குழம்பின் பெயரைச் சொல்லப் போகிறவன்போல இருந்தான். நூகு சுருக்கை அவன் தலை வழியாகப் போட்டார். ஒரு கை நுழைந்தது. மறு கை கனத்தது, நுழையவில்லை. மார்பு வெடிக்கிற மாதிரி இருந்தது. ஆறாக இருந்தால் இந்நேரம் காலை உதைத்து மேலே வந்திருப்பார். கையை முறித்தாவது நுழைப்போம் என்று திருப்பினார், நுழைந்தது. இரண்டு தடவை சுண்டினார்.

முத்துமாலை மேலே போனான். நூகு அவனுக்குக் கீழே படிகளில் தொற்றிக்கொண்டு தோளால் முட்டுக் கொடுத்தார். ஓட்டைக்கு வந்ததும் முத்துமாலையின் தோள் விளிம்பில் சிக்கிக்கொண்டது. மேலே தெரிந்த சதுர வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது. இருட்டு. தொட்டிக்கு மூடி போட்டாகிவிட்டது, மூடியாக இருந்தவன் முத்துமாலை. அந்த இருட்டில் நூகு, இத்தனை வருடமாக எது நடக்கும் என்று பயந்தாரோ அது நடந்தேவிட்டது என்று நினைத்தார். மூச்சு தீர்ந்துவிட்டது. வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையால் முத்துமாலையின் காலை மேலே முட்டினார். மூளையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. உம்மா, உம்மா, உம்மா.

வெளிச்சம் திரும்ப வந்தது. இடுப்பில் கயிறு இறுகியது. கடைசி இரண்டு படியில் வாய் திறந்துகொண்டு மண்ணெண்ணெய் வாடையோடு ஒரு மூச்சு உள்ளே போனது. அடுத்த மூச்சு வெளியே, மழையில்.

முத்துமாலையை ஈரமணலில் கிடத்தியிருந்தார்கள். இசக்கியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே அவன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள். "எந்திரிலே, எந்திரி, பொண்டாட்டி புள்ள இருக்குலே ஒனக்கு." நூகு தவழ்ந்து போய் அவன் மூக்கருகே கன்னத்தை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. தன் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்டது. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார், விட்டார், அமுக்கினார். சரியாகச் செய்கிறாரா என்று அவருக்கே தெரியாது. திடீரென்று முத்துமாலை இருமினான். சுண்டவத்தல் குழம்பு முழுவதும் நூகுவின் மடியில் வந்து விழுந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மணல் வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முத்துமாலையின் மூக்கில் பிராணவாயு வைத்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். எஞ்சின் புகையில் ஒரு விஷம் உண்டாம். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அது விளக்கை அணைக்காதாம். ஆள் விழுந்தால்தான் தெரியுமாம். நூகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பதினோரு வருடமாக அவர் நம்பிய மெழுகுவர்த்தி. இன்று அவர் கண்முன்னே அழகாக எரிந்து ஒருவனைக் கொல்லப் பார்த்திருக்கிறது. மாற்றுச் சாரத்தோடு வந்த ஹமீது பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் போகிற வருகிறவர்கள் பார்க்க, சின்னப் பிள்ளையாக அழுதார். கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள், "அதான் பள்ளியில வாசல்ல நின்னீங்களா" என்று மட்டும் சொல்லி அவர் தலையைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் முத்துமாலை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். பேச்சு கொஞ்சம் குழறியது.

"நீரு உள்ள எறங்குனீராமே பாய். இசக்கியம்மா சொன்னா."

"ஆமாலே."

"லைசென்ஸ் உள்ளவன் எறங்கக் கூடாதுல்லா? ரூலு?"

நூகு தரையைப் பார்த்தார். "ரூலும் கெடையாது ஒரு எழவும் கெடையாதுலே. எனக்குப் பயம். மொதல்லயிருந்தே பயம். அதான் ஒன்ன எறக்குனேன். நேத்தும் அதாம்லே. கயிறு வரட்டும்னு நான் சண்ட போட்டிருக்கணும். போடல."

முத்துமாலை கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தான். "பயம்னு எனக்குத் தெரியும்லா."

"எப்பம் தெரியும்?"

"மொத தொட்டியிலயே. நீரு மேல கயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீரு. கயிறு நடுங்கும். இடுப்புல கட்டியிருக்கவனுக்குத் தெரியாதாவே?"

பதினோரு வருடம். எத்தனை தொட்டி, எத்தனை பொய்.

"பெறவு ஏம்லே எறங்குன?"

"எனக்கும் பயந்தாம் பாய். ரெண்டு பேரும் மேல நின்னா வால்வ யாரு மாட்ட?" தலைவலியில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டான். "ஆனா ஒண்ணு. மேல ஒரு ஆளு நமக்காவ நடுங்கிக்கிட்டு இருக்காம்னு தெரிஞ்சா, கீழ நிக்கவனுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். நேத்துக் கயிறு இல்லையா, அதான் எனக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு."

திறப்புவிழா தள்ளிப் போனது. முதலாளி குதித்தார், ஐயாக்குட்டி தலையைக் குனிந்துகொண்டார். தொட்டியை மூடாமல் போட்டு, மின்விசிறியை ஓட்டைக்கு நேரே கட்டி நாள்கணக்காக ஓட விட்டார்கள். ஃபுட்வால்வு இரண்டு சுற்று பாக்கியோடு அப்படியே தொங்கியது. அதை முடித்துக் கொடுக்காமல் அந்தக் கட்டடத்தை விட்டுப் போக முடியாது. பேச்சும் நடையும் சரியாகி முத்துமாலை வேலைக்கு வந்த அன்று, சட்டையில் கை வைத்தான். நூகு அவன் கையைத் தட்டிவிட்டார்.

"நீ மேல உக்காரு."

கயிற்றைத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டார். முடிச்சை மூன்று தடவை சோதித்தார், முத்துமாலை நாலாவது தடவை சோதித்தான். யாரும் சிரிக்கவில்லை. இசக்கியம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றின் வாலைத் தானும் பிடித்துக்கொண்டாள். நூகு இறங்கினார். பயம் ஒரு துளி குறையவில்லை. ஒருமுறை போய் வந்தால் தெளிந்துவிடும் என்பவர்கள் போய்ப் பார்க்கட்டும். அதே கம்பிப்படி, அதே சுவர், அதே ஓட்டை. அடிக்கு வந்து ரிஞ்சைப் பைப்பில் வைத்தார்.

"பாய், இன்னைக்கு உங்க வீட்டுல என்ன கொழம்பு?" மேலிருந்து முத்துமாலையின் குரல்.

நூகு வாயைத் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. காலையில் என்ன தின்றோம் என்றே நினைவுக்கு வரவில்லை.

"பாய்?"

இடுப்பில் கயிறு சட்டென்று இறுகியது. இறுகிய கயிறு நடுங்கியது. விடாமல், ஒரே சீராக, மேலிருந்து கீழே வயிறுவரைக்கும் நடுங்கியது. இத்தனை வருடமும் தான் பிடித்த கயிறு இப்படித்தான் இருந்ததா என்று நூகு ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது.

"சாளக் கொழம்புலே!" என்று கத்தினார். "சாளமீன் கொழம்பு. ஹமீது பீவி வச்சா. இழுத்துராதலே, இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."

"மீன் யாரு வாங்குனா?"

"நாந்தாம்லே வாங்குனேன்."

"எங்கன வச்சு?"

"சந்தையில."

"தேங்கா அரச்சு ஊத்துனாவளா, அரைக்காமலா?"

நூகு ரிஞ்சைத் திருகிக்கொண்டே பதில் சொன்னார். அவர் தலை வெளியே தெரிகிறவரை முத்துமாலை கேட்டுக்கொண்டே இருந்தான்.